எஞ்சிய வளியும் இரண்டாம் காவலும்

மனிதன் கடலடியிற் சென்று தொழில் புரிந்த வரலாறு மிகப் பழமை வாய்ந்தது. மன்னார்க் குடாவில் முத்துக்குளித்த சுழியோடி கல்லொன்றின் துணையுடன் கீழிறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் சிப்பி பொறுக்கினான். அவனுக்குரிய வளி அவனது நெஞ்சினுள்ளேயே இருந்தது. அது தீர்வதை அவனது உடலே உணர்த்திற்று. அவன் கயிற்றை அசைத்ததும் தோணியில் நின்ற துணைவன் அவனை மேலே இழுத்தான். உணர்வது ஒருவன், மீட்பது மற்றொருவன் என்ற ஏற்பாடு அது.

1943இல் பிரான்சில் ஜாக் கூஸ்தோவும் எமில் கானியானும் உருவாக்கிய அக்குவாலங் என்னும் கருவி, சுழியோடியைக் கயிற்றினின்றும் குழாயினின்றும் விடுவித்தது. ஆயின், உருளையில் எஞ்சியுள்ள வளி எவ்வளவு என்னும் வினாவும் அதனுடன் எழுந்தது. கடிகாரத்தை மட்டும் நம்புதல் இதற்குப் போதாது. 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் மேற்பரப்பிலுள்ளதைப் போல இரு மடங்காகும். 30 மீற்றரில் நான்கு மடங்காகும். மூச்சொன்றுக்குச் செலவாகும் வளியும் அவ்வாறே பெருகும்.

இவ்வினாவிற்குத் தொடக்ககாலத்தில் அளிக்கப்பட்ட விடையே ‘ஜே வால்வு’ ஆகும். உருளையின் அமுக்கம் குறித்த அளவிற்குக் குறைந்ததும் சுருள்வில்லொன்று வளியோட்டத்தைத் தடுக்கும். மூச்செடுத்தல் கடினமாகும். உடனே சுழியோடி கம்பியொன்றைக் கீழிழுத்து, எஞ்சிய வளியைத் திறந்துகொண்டு மேலேறுவான். ஆனால், அக்கம்பி பாறையிலோ வலையிலோ சிக்கி முன்னரே இறங்கிவிடின், சேமவளியும் அவன் அறியாமலே செலவாகிவிடும். எச்சரிக்கை, சேமிப்பு ஆகிய இரண்டும் ஒரே கம்பியிற் தங்கியிருந்தமையே இம்முறையின் அடிப்படைக் குறைபாடாகும்.

1970களில் நீருள் வாசிக்கத்தக்க அமுக்கமானி பரவலாயிற்று. வளியின் அளவை இடையறாது காட்டியமையால் அது பெரும் முன்னேற்றமே. ‘ஒக்டோபஸ்’ எனப்படும் மேலதிக வாய்க்கருவியும் வழக்கிற்கு வந்தது. துணைவனின் வளி தீர்ந்தால் அதனை அவனுக்கு அளிக்கலாம். எனினும், இவ்விரண்டும் ஒரே உருளையையே சார்ந்திருந்தன.

இக்குறையை வெளிப்படுத்தியவை புளோரிடாவின் நீரடிக் குகைகளாகும். அங்கே தலைக்கு மேல் இருப்பது பாறை. நினைத்தவுடன் மேலேறுதல் இயலாது. உயிரிழப்புகள் பலவற்றை ஆராய்ந்த ஷெக் எக்ஸ்லி, 1979இல் வெளிவந்த தமது நூலில் மூன்றிலொரு பங்கு விதியை வலியுறுத்தினார். உட்செல்ல ஒரு பங்கு, மீள ஒரு பங்கு, இடருக்கு ஒரு பங்கு. குகையின் அந்தத்தில் ஒருவன் தன் வளி முழுவதையும் இழப்பினும், மற்றவனிடம் எஞ்சிய இரு பங்கு இருவரையும் வாயிலுக்குக் கொண்டுவரும் என்பதே இதன் கணக்கு. தனித்தனி வால்வுகளும் இரு சீராக்கிகளும் கொண்ட இரட்டை உருளைகளும் அங்கே இன்றியமையாதனவாயின.

பின்னர் வந்த கணினிகள் உருளையின் அமுக்கத்தைக் கம்பியின்றியே மணிக்கட்டிற் காட்டின. ஆயினும், மின்கலம் செயலிழக்கலாம் என்பதனால், பொறிமுறை அமுக்கமானியையும் உடன்கொண்டு செல்வோர் பலர்.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓருண்மை புலனாகின்றது. கருவிகளின் எண்ணிக்கையைப் பெருக்குவது மட்டும் பாதுகாப்பாகாது. முதலாவது பழுதடையும்போது அதனுடன் சேர்ந்து பழுதடையாததே மெய்யான இரண்டாம் காவலாகும்.