சேமித்த எலும்பும் மண்டையோட்டுச் சீரமைப்பும்: தொற்று அபாயம்

தலைக்காயத்தாலோ பக்கவாதத்தாலோ மூளை வீங்கும்போது, அழுத்தம் குறைய மண்டையோட்டின் ஒரு பகுதி வெட்டி எடுக்கப்படுகிறது. வீக்கம் வடிந்தபின், பெரும்பாலும் சில வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து, அதே எலும்பு மீண்டும் பொருத்தப்படுகிறது. இடைக்காலத்தில் அது மைனஸ் 80 டிகிரி செல்சியஸ் போன்ற கடுங்குளிரில் உறையவைக்கப்படும். உறைபெட்டி வசதி இல்லாத இடங்களில் நோயாளியின் வயிற்றுத் தோலுக்கடியில் வைத்துத் தைக்கப்படும். இந்தியாவில் இம்முறை இன்றும் வழக்கில் உள்ளது.

இச்சிகிச்சையில் மருத்துவர்கள் மிகவும் அஞ்சுவது தொற்றையே. உறைந்த எலும்பில் உயிருள்ள உயிரணுக்களோ இரத்த ஓட்டமோ இல்லை. ஆகவே இரத்தத்தின் வழி வரும் வெள்ளணுக்களும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் அதன் உட்புறத்தை எளிதில் எட்டுவதில்லை. அதில் ஒட்டும் பாக்டீரியாக்கள் வழவழப்பான படலம் அமைத்து அதற்குள் பதுங்கிக்கொள்கின்றன. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் முதன்மைக் காரணி. தோலில் இயல்பாக வாழும் கூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் மெதுவாக வளர்வதால் அதன் தொற்று மாதங்கள் கடந்தும் வெளிப்படலாம்.

நீரிழிவு, நீண்ட அறுவை நேரம், மறு அறுவை, நெற்றி எலும்பின் காற்றறை திறந்துபோதல், மூளைநீர் கசிவு ஆகியவை அபாயத்தைக் கூட்டுகின்றன. எலும்பை எடுத்தவுடன் செய்யும் கிருமிப் பரிசோதனை முழு நம்பிக்கைக்குரியதன்று. அதில் கிருமி தென்படாதவர்களுக்கும் பின்னாளில் சீழ் பிடித்ததுண்டு.

காயம் சிவத்தல், சீழ் வடிதல், காய்ச்சல் ஆகியவை அறிகுறிகள். மருந்து மட்டும் அரிதாகவே போதும். பெரும்பாலும் எலும்பை அகற்றி, தொற்று முற்றிலும் நீங்கிய சில மாதங்களுக்குப்பின் டைட்டானியம் போன்ற செயற்கைத் தகடு பொருத்தப்படுகிறது.