ஒலியின் ஏற்றத்தாழ்வும் வசதி குறைந்த கலைஞனின் தெரிவும்: பேஸ் கிற்றார் கொம்பிரசரின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

இசைக்கருவிகளின் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் நாதத்தைப் பிறப்பிக்கும் கருவிகளையே கவனத்திற் கொள்வர். பிறந்த நாதத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகள் அவர்தம் ஆய்வுக்கு அரிதாகவே உட்படுகின்றன. ஆயினும், கடந்த நூற்றாண்டில் மேலைநாட்டு வெகுசன இசை தனது ஓசையை எவ்வாறு பெற்றது என ஆராயப் புகுவோர் இவ்விரண்டாம் வகைக் கருவிகளைப் புறக்கணித்தல் இயலாது. அவற்றுள் ஒன்று கொம்பிரசர். உரத்த ஒலியைத் தானாகவே தணித்து, மெல்லொலிக்கும் வல்லொலிக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைப்பது இதன் தொழிலாகும். பேஸ் கிற்றார் வாசிக்கும் ஒருவர் தமது வசதிக்கேற்ற கொம்பிரசரை இன்று தேடுவாராயின், பல விலைகளில் பல கருவிகளைக் காண்பார். எதைத் தெரிவது என்பது கடைத்தெருவுக்குரிய வினாவாகத் தோன்றலாம். அதற்கான விடையை இக்கருவியின் வரலாறே தருகின்றது என்பதைக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் பேஸ் கிற்றாரின் தோற்றத்தை நோக்குதல் வேண்டும். 1951ஆம் ஆண்டில் கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ பெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' என்னும் கருவியை வெளியிட்டார். அதுவரை தாழ்சுருதிப் பகுதியை வாசித்தோர் ஆளுயர டபிள் பேஸையே பயன்படுத்தினர். அது சுமப்பதற்கு அரிதாக இருந்ததுடன், தாளக் கருவிகளும் ஊதுகருவிகளும் முழங்கும் மேடையில் எளிதில் அமிழ்ந்தும் போயிற்று. பெண்டரின் கருவி தோளில் தொங்கியது, மின்னாற் பெருக்கப்பட்டது, சுரத்தானங்களைக் காட்டும் கட்டைகளையும் கொண்டிருந்தது.

எனினும், மின்சாரம் ஒரு குறையைத் தீர்த்து வேறொன்றை வெளிப்படுத்திற்று. விரலின் விசை சிறிது கூடினால் ஒலி திடீரெனப் பொங்கியது; சிறிது குறைந்தால் மறைந்தது. பேஸ் கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸ் மீடிறனில் அதிர்வது. இத்தகைய தாழ்ந்த ஒலிகளை மனிதச் செவி நடுத்தர ஒலிகளைப் போல் எளிதில் உணர்வதில்லை. ஆதலால் ஒலியளவில் நிகழும் சிறு வீழ்ச்சியும் சுரமொன்றையே இல்லாமற் செய்துவிடுகிறது. பாடலுக்கு அத்திவாரமாக நிற்கும் கருவியின் ஒலி இவ்வாறு ஏறியிறங்குமாயின், அதன்மேல் எழும் கட்டடமும் ஆட்டங்காணும்.

இக்குறையைத் தீர்க்கவல்ல கருவி அப்போதே உலகில் இருந்தது. ஆனால் அது இசைக்கலைஞனுக்காக உருவாக்கப்பட்டதன்று. 1930களின் வானொலி நிலையங்களில், நிகழ்ச்சியின் ஒலி எல்லை மீறினால் பரப்பப்படும் அலை சிதைவுறும் என்பதால், பொறியியலாளர் குமிழில் கைவைத்தபடி காத்திருக்க வேண்டியிருந்தது. அக்கையின் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் முயற்சிகளுள் 1937இல் வெளிவந்த வெஸ்ரேண் இலெக்ற்றிக் 110ஏ குறிப்பிடத்தக்கது. அடுத்து இசைத்தட்டுத் தொழில் இத்தேவையை உணர்ந்தது. தட்டிற் பொறிக்கப்படும் தாழ்ந்த ஒலி அளவு கடந்தால் வரிப்பள்ளம் அகன்று, ஊசி துள்ளிவிடும். எஸ்தோனியாவிற் பிறந்த பொறியியலாளர் ரைன் நார்மா வடிவமைத்த பெயர்சைல்ட் 660 ஏறத்தாழ 1959இல் வெளிவந்தது. அதன் இரட்டைத் தட வடிவமான 670 இருபது வால்வுகளையும் ஏறத்தாழ 30 கிலோகிராம் நிறையையும் கொண்டிருந்தது. இதனை வாங்கும் ஆற்றல் நிறுவனங்களிடமே இருந்தது. பேஸ் வாசிப்பவனிடம் இருக்கவில்லை. ஆகவே அவனது ஒலியளவைத் தீர்மானிக்கும் அதிகாரமும் கண்ணாடிக்கு அப்பாலிருந்த கட்டுப்பாட்டறையிடமே இருந்தது எனலாம்.

1960களின் ஒலிப்பதிவுகள் இவ்வுண்மையைத் தெளிவுறுத்துகின்றன. டெட்ரொயிற் நகரின் மோட்டவுண் கலையகத்தில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பேஸ், ஒலிப்பதிவு மேசைக்கு நேரடியாகவே இணைக்கப்பட்டது. இலண்டனின் அபே றோட் கலையகத்தில் பெயர்சைல்ட் 660 கருவிகள் பயன்பாட்டில் இருந்தன. அங்கு 1966இல் 'பேப்பர்பாக் றைற்றர்' பாடலைப் பதிவு செய்தபோது, போல் மக்காட்னியின் பேஸ் ஒலியை வலுப்படுத்துவதற்காக ஒலிபெருக்கி ஒன்றையே ஒலிவாங்கியாகப் பயன்படுத்தினர். வாசிப்பவன் ஒருவன், ஒலியை வனைபவன் இன்னொருவன் என்ற வேலைப்பிரிவினை அக்காலத்தில் நிலைபெற்றிருந்தது.

இப்பிரிவினையைத் தளர்த்தியது கருவியின் உள்ளுறுப்பில் ஏற்பட்ட மாற்றமாகும். எந்தக் கொம்பிரசரிலும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் உறுப்பு ஒன்று உண்டு. பெயர்சைல்டில் அப்பணியை வால்வுகள் ஆற்றின. 1960களின் முற்பகுதியில் ஜிம் லோறன்ஸ் அமைத்த எல்.ஏ.-2ஏ கருவியில் அதனை ஒளி ஆற்றியது. வரும் ஒலிக்கேற்ப ஒரு தகடு ஒளிரும். அவ்வொளி ஒளியுணர் தடையொன்றின் பெறுமானத்தை மாற்றும். அதனால் ஒலி தணியும். ஒளியுணர் தடை மெதுவாகவே பழைய நிலைக்கு மீள்வதால் இக்கருவியின் இயக்கம் வழுவழுப்பானது. பேஸ் ஒலிக்கு அது பெரிதும் விரும்பப்பட்டமைக்கு இம்மந்தமே காரணமாயிற்று. பில் பட்னம் 1967இல் வெளியிட்ட 1176, திரான்சிற்றர் வகையொன்றைக் கொண்டு 20 மைக்கிரோசெக்கனில் இயங்கத் தொடங்கும் விரைவைப் பெற்றது. இவ்விரண்டும் பெயர்சைல்டினும் சிறியன. எனினும் கலையகத்துக்குரியனவாகவே இருந்தன.

விலையை உண்மையில் வீழ்த்தியது தொகையிட்ட சுற்றாகும். ஆர்.சீ.ஏ. நிறுவனத்தின் சீ.ஏ.3080 என்னும் சிறு சில்லு, முன்னர் வால்வுகள் செய்த பணியை 9 வோல்ற்று மின்கலத்தைக் கொண்டு செய்தது. நியூ யோர்க் மாநிலத்தின் றொச்செஸ்ரர் நகரில் இயங்கிய எம்.எக்ஸ்.ஆர். நிறுவனம் 1970களில் இச்சில்லைக் கொண்டு 'டைனா கொம்ப்' என்னும் மிதிபெட்டியை வெளியிட்டது. அதில் இரண்டே குமிழ்கள் இருந்தன. ஜப்பானின் பொஸ் நிறுவனம் 1978இல் சீ.எஸ்.-1 என்னும் மிதிபெட்டியைக் கொணர்ந்தது. அதே காலப்பகுதியில் லாரி கிரஹாம் போன்றோர் பெருவிரலால் தந்தியை அறைந்து வாசிக்கும் முறையைப் பரப்பியமையால், பேஸ் ஒலியின் ஏற்றத்தாழ்வு முன்னெப்போதையும் விடப் பெருகியிருந்தது. கட்டுப்பாட்டறையில் இருந்த அதிகாரம் வாசிப்பவனின் காலடிக்கு வந்து சேர்ந்தது. இவ்வரலாற்றின் திருப்புமுனை இதுவே.

ஆயினும் இங்கு ஒரு முரண்பாடு நோக்கற்பாலது. மலிவான மிதிபெட்டிகள் சாதாரண கிற்றாரை மனத்திற் கொண்டே அமைக்கப்பட்டன. கிற்றாரின் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 82 ஹேர்ட்ஸில் அதிர்கிறது. பேஸின் தந்தியோ அதற்கு ஒரு தாயி கீழே அதிர்கிறது. பேஸின் ஓர் அலை முடிவதற்கு ஏறத்தாழ 24 மில்லிசெக்கன் செல்லும். கொம்பிரசர் இதனினும் விரைவாகத் தணித்து விரைவாக விடுவிக்குமாயின், அது சுரத்தின் ஒட்டுமொத்த ஒலியளவைப் பின்தொடராது ஒவ்வோர் அலையின் ஏற்ற இறக்கத்தையும் துரத்தத் தொடங்கும், ஒலி கரகரக்கும். மேலும், தாழ்ந்த ஒலியின் மின்வலு பெரிதாகையால் அதுவே கருவியை முதலில் இயக்கி, விரலின் தெளிவான தொடக்க ஒலியையும் சேர்த்து அமுக்கிவிடும். கிற்றாருக்கான மிதிபெட்டிகளில் தமது அடியொலி மெலிந்து போகின்றதெனப் பேஸ் வாசிப்போர் குறைகூறுவது இதனாலேயே. இக்கருவி மிகவும் தேவைப்பட்டவனுக்கு அது பிறருக்கென வெட்டிய சட்டையாகவே கிடைத்தது.

பின்வந்த காலம் இக்குறையை ஓரளவு நிவர்த்தி செய்தது. டேவிட் பிளக்மர் 1971இல் தொடங்கிய டீ.பீ.எக்ஸ். நிறுவனம், மின்னழுத்தத்தாற் கட்டுப்படுத்தப்படும் துல்லியமான பெருக்கியை வளர்த்தெடுத்தது. எம்.எக்ஸ்.ஆர். நிறுவனத்தைத் தொடங்கியோருள் ஒருவரான கீத் பார் 1984இல் அலெசிஸ் நிறுவனத்தை ஆரம்பித்தார். அந்நிறுவனம் 1990களில் விற்ற 3630 என்னும் இரட்டைத் தடக் கொம்பிரசர் சிறு கலையகங்களுக்கும் எட்டும் விலையில் இருந்தது. பேஸுக்கெனவே அமைந்த மிதிபெட்டிகளும் பின்னர் பெருகின. ஒளிவழிக் கட்டுப்பாடும் மலிந்தது. அன்று தனித்தகடு செய்த பணியைச் சிறு ஒளிகாலும் இருவாயி ஒன்று இன்று செய்கிறது.

இவ்வரலாற்றிலிருந்து தெரிவுக்குரிய அளவுகோல்கள் தாமே புலனாகின்றன. ஒலியைக் கட்டுப்படுத்தும் உறுப்பு இன்று அரும்பொருளன்று. ஆகவே விலை கூடிய கருவியே பேஸுக்குப் பொருத்தமானது என்று கொள்ளல் தவறு. முதலாவதாக, தணிக்கத் தொடங்கும் வேகத்தையும் விடுவிக்கும் வேகத்தையும் மாற்றக்கூடியதாகவோ, அன்றேல் ஒளிவழிக் கருவி போன்று இயல்பாகவே மெதுவானதாகவோ அது இருத்தல் வேண்டும். இரண்டாவதாக, அமுக்கப்படாத மூல ஒலியைக் கலக்கும் குமிழ் இருப்பின், இழந்த அடியொலியை அதனால் மீட்கலாம். மூன்றாவதாக, எவ்வளவு தணிக்கப்படுகின்றது என்பதைக் காட்டும் விளக்கு, பழகாத செவிக்கு ஆசிரியராக அமையும். நான்காவதாக, தணிந்த ஒலியை மீண்டும் உயர்த்தும்போது இரைச்சலும் உயருமாதலால், வாசிக்காத வேளையில் அதனைக் கேட்டறிதல் வேண்டும். 4க்கு 1 என்னும் விகிதத்தில், எல்லையை 8 டெசிபெல் கடக்கும் ஒலி 2 டெசிபெல் மட்டுமே கடந்ததாக வெளிவரும். பேஸுக்குத் தொடக்கமாக இது போதுமானது. வீட்டிலேயே கணினியிற் பதிவு செய்பவர் மிதிபெட்டி வாங்கவே வேண்டியதில்லை. ஒலிப்பதிவு மென்பொருள்கள் பலவற்றுடன் கொம்பிரசரும் சேர்ந்தே வருகின்றது.

கருவி மலிந்ததனால் எழும் ஆபத்தொன்றையும் ஈண்டு சுட்டுதல் தகும். எல்லாச் சுரங்களையும் ஒரே மட்டத்துக்குக் கொணர்வது எளிதாகும்போது, விரலின் வேறுபாட்டால் வெளிப்படும் உணர்ச்சியும் மறைந்துவிடக்கூடும். ஜேமர்சன் வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றினாலேயே தந்திகளை மீட்டியவர். அவரது இசையின் உயிர்ப்பு அவ்விரலின் ஆட்சியில் இருந்தது. கொம்பிரசர் கைப்பழக்கத்துக்குத் துணையாகலாம், மாற்றாக இயலாது.

இருபது வால்வுகள் கொண்ட பெட்டி ஓர் உள்ளங்கையளவு பெட்டியாகச் சுருங்கியபோது, நிறுவனத்தின் உடைமையாயிருந்த அதிகாரம் கலைஞனின் உடைமையாயிற்று. ஆயினும் கலையகத்தில் அக்குமிழ்களைத் திருப்பிய பொறியியலாளரின் அறிவு பெட்டிக்குள் அடைத்து விற்கப்படவில்லை. அதனைக் கலைஞன் தானே தேடிக்கொள்ள வேண்டும். அவ்வறிவைப் பெற்றவனுக்கு மலிவான கருவியும் போதும். பெறாதவன் கையில் விலையுயர்ந்த கருவியும் பயன்படாது.