அறை எண் 305ல் கள்ளச் சாவி!

பழைய ஹோட்டல் சாவி ஞாபகம் இருக்கா மக்களே? பித்தளைச் சாவி, அதுல தொங்குற வில்லை, வில்லை மேல ஹோட்டல் பேரு, ரூம் நம்பர். அமெரிக்காவுல இன்னும் ஒரு படி மேல. எந்தத் தபால் பெட்டியில வேணா போடுங்க, செலவு எங்களோடதுன்னு விலாசத்தோட அச்சடிச்சிருப்பாங்க. மறதியில சாவியோட ஊருக்குப் போயிட்ட ஆளுங்களுக்காகத்தான் இந்த ஏற்பாடு. நல்ல எண்ணம்தான். ஆனா ரோட்டுல அதைக் கண்டெடுத்தவனுக்கு? எந்த ஊரு, எந்த ஹோட்டல், எந்தக் கதவு, எல்லாமே கையில!

பூட்டு மட்டமில்லீங்க. ஆள் மாறினாலும் பூட்டு மாறாது, அதான் சிக்கல். போன வருஷம் 305ல தங்கினவர் ஒரு டூப்ளிகேட் போட்டு வெச்சிருந்தா, அது இன்னிக்கு உங்க கதவையும் திறக்கும்.

போதாததுக்கு மாஸ்டர் சாவி வேற. ஒரே பூட்டு ரெண்டு சாவிக்கும் திறக்கணும்னா, உள்ளே இருக்குற பின்களை இன்னொரு இடத்துலயும் வெட்டி வைக்கணும். 2003ல மேட் பிளேஸ்ங்கற ஆராய்ச்சியாளர் இதோட ஓட்டையை விளக்கினார். ஒரு சாதாரண அறைச் சாவி, அது திறக்குற பூட்டு, கொஞ்சம் வெட்டாத சாவிகள். இவ்வளவு போதும், ஒவ்வொரு பல்லா சோதிச்சு மாஸ்டர் சாவியையே செஞ்சுடலாம். பூட்டுத் தொழில்ல இருந்த பல பேருக்கு முன்னாடியே தெரிஞ்ச ரகசியம்தானாம்!

ஹோட்டல்காரங்களை உலுக்கினது வேற ஒரு சம்பவம். 1974ல நியூயார்க் பக்கத்துல ஒரு ஹோட்டல் அறைக்குள்ள புகுந்த ஒருத்தன், பிரபல பாடகி கானி ஃபிரான்சிஸை பாலியல் வன்கொடுமை செஞ்சான். அவன் வந்த கண்ணாடிக் கதவு பூட்டின மாதிரி தெரியுமே தவிர, வெளியிலிருந்து திறந்துடலாம். சாவியே வேண்டியிருக்கல. அவர் வழக்கு போட்டார். 1976ல ஜூரி 25 லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்கச் சொல்லிச்சு. அவனை மட்டும் கடைசிவரை பிடிக்கவே இல்லை.

அதே எழுபதுகள்ல நார்வேக்காரர் டோர் சோர்னெஸ் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் அட்டையை சாவியா கொண்டு வந்தார். 32 இடம், ஒவ்வொண்ணுலயும் ஓட்டை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கணக்கு போட்டா 400 கோடிக்கு மேல வருது. ஆனா அசல் புத்திசாலித்தனம் இந்தக் கணக்குல இல்ல. புது ஆள் வந்தா பூட்டோட ரகசியத்தையே மாத்திடலாம். பழைய அட்டை அதோட செல்லாக்காசு.

அப்புறம் எலக்ட்ரானிக் அட்டை வந்துச்சு. அப்பாடான்னு உட்கார முடியுமா? 2012ல கோடி புரோஷியஸ், ஓனிட்டி பூட்டுகளை அடியில இருக்குற துளை வழியா ஒரு சின்னக் கருவியை செருகித் திறந்து காட்டினார். 2024ல சாஃப்லாக் பூட்டுகள்ல ஓட்டை வெளிவந்துச்சு. சுமார் 30 லட்சம் கதவுகள்!

பித்தளையோ அட்டையோ, கேள்வி ஒண்ணுதான். சாவி தொலைஞ்ச அன்னிக்கு, ஓட்டை தெரிஞ்ச அன்னிக்கு, ஹோட்டல்காரர் பூட்டை மாத்துறாரா, இல்ல மாத்து சாவி ஒண்ணை எடுத்து நீட்டிட்டு சும்மா இருக்காரா? அது நமக்குத் தெரியாது. அதனால ரூமுக்குள்ள போனதும் முதல் வேலையா உள்தாழ்ப்பாளைப் போடுங்க சாமி.