காலக்கோட்டின் இப்பால்: தலவாக்கலைக் கோயில்கள் குறித்துச் சில சிந்தனைகள்

மாசி மாதத்தில் நான்கு நாள் விடுமுறையைத் தனியே மலையகத்திற் கழிக்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. தலவாக்கலையில் தங்கி, முதலிரு நாட்களிலும் கம்பளைப் பக்கம் இறங்கிப் பழைய ஆலயங்களைப் பார்ப்பது, எஞ்சிய நாட்களில் தோட்டப்புறங்களில் நடந்து திரிவது என்பதே திட்டம். ஆய்வு நோக்கம் எதுவும் இருக்கவில்லை. ஆயினும் கையிலிருந்த பயண வழிகாட்டி நூல் ஒரு வினாவைக் கிளப்பிவிட்டது. கம்பளைப் பகுதியின் ஆலயங்கள் அந்நூலில் ‘புராதனம்’ என்னும் தலைப்பில் இடம்பெற்றிருந்தன. தலவாக்கலைக்கு வாய்த்த தலைப்போ ‘இயற்கை வனப்பு’. அங்கே அருவிகள் இருந்தன, தேயிலை மலைகள் இருந்தன. கோயில் ஒன்றேனும் இல்லை.

கம்பளை பதினான்காம் நூற்றாண்டில் அரசிருக்கையாக விளங்கிய நகர். நான்காம் புவனேகபாகுவின் ஆட்சியில், 1344ஆம் ஆண்டளவில், கடலாதெனிய, லங்காதிலக என்னும் இரு விகாரைகள் எழுந்தன. கடலாதெனியவின் கற்றூண்களைக் காணும் தமிழர் எவரும் தம்மூர்க் கோயிலுள் நுழைந்தாற்போல் உணர்வர். காரணம் வெளிப்படை. அதனை அமைத்த தலைமைச் சிற்பி கணேஸ்வராசாரி தென்னிந்தியர். அவர் பெயரை அங்குள்ள கல்வெட்டே தருகின்றது. லங்காதிலகவின் பாறைச் சாசனம் சிங்களத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டது. அவ்விகாரையிற் புத்தருடன் கணபதி, கந்தன், உபுல்வன், சமன், விபீஷணன் ஆகியோருக்கும் இடமுண்டு. கடல் கடந்து வந்த கைத்திறன் ஒரு பௌத்த அரசின் சின்னமாயிற்று. அதற்காக அக்கைத்திறனாளன் தன் பெயரையோ தமிழ் தன் இடத்தையோ இழக்கவேண்டியிருக்கவில்லை. (கல் சுமந்தோர் பெயர் அங்கும் இல்லை என்பதை மறத்தலாகாது.)

அதே கம்பளைக்கருகே, சின்னப்பிட்டியவில், 1820களில் ஜோர்ஜ் பேர்ட் என்னும் ஆங்கிலேயர் கோப்பி பயிரிட்டார். கடல் கடந்த உழைப்பு மீண்டும் வரத் தொடங்கிற்று. ஆனால் இம்முறை அதன் பெயர் கூலி. மன்னாரில் இறங்கி, காடுகளூடே மாத்தளை நோக்கி நடந்தோரிற் பலர் வழியிலேயே மாண்டனர். 1869இற் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. தலவாக்கலையூடாகச் செல்லும் புகையிரதப் பாதை 1885இல் நானுஓயாவை எட்டியது. வழிகாட்டி நூல் ‘இயற்கை’ எனப் போற்றும் பச்சை மலைகள், காடு வெட்டி, கான் தோண்டி, நிரை பிடித்து மனிதர் ஆக்கியவை. சென்கிளேயர் அருவியும் இதற்கு விலக்கன்று. மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியபின், அது திறந்துவிடப்படும் நீரளவிலேயே விழுகின்றது.

புராதனத்தை வகுப்பது வழிகாட்டி நூலாசிரியர் மட்டுமல்லர். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் ‘தொன்மைச் சின்னம்’ என்பதற்கு ஒரு காலக்கோடு இட்டது: 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்கு மாறிய ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. பிற்பட்ட கட்டடங்களைத் தனி அறிவிப்பால் காக்கவும் சட்டத்தில் வழியுண்டு. ஆயினும் கோட்டின் பொருளை நோக்குக. தோட்டத் தொழிலாளர் ஆக்கிய அனைத்தும், பிறப்பாலேயே அதற்கு இப்பால் வீழ்கின்றன.

மூன்றாம் நாள், தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றின் மாரியம்மன் கோயிலுக்குச் சென்றோம். தகரக் கூரை வேய்ந்த மண்டபம். பின்புறம் மரத்தடியில் மஞ்சள் பூசிய கல்லும் சூலமும். கோயிலின் வயதை அங்கிருந்த முதியவரிடம் வினவினோம். “வருசமெல்லாம் தெரியாதுங்க ஐயா. எங்க தாத்தாவோட தாத்தா ஊருலயிருந்து பிடிமண்ணு கொண்டாந்து வச்சதுன்னு சொல்லுவாங்க” என்றார். ஆண்டு எண்ணப்படாத இடத்திலே தலைமுறை எண்ணப்படுகின்றது. வரலாற்றாசிரியர் இதனைக் குறைந்த சான்றாகக் கொள்வதற்கு நியாயம் எதுவும் எமக்குத் தோன்றவில்லை.

இக்கோயில்களை இலட்சியமயமாக்குவதும் தவறு. முதல் மரியாதை கங்காணிக்கே உரியதாயிருந்தது. சாதிப் படிநிலை ஊரிலிருந்து பிடிமண்ணுடன் கூடவே வந்தது. தொழிலாளி அம்மனுக்கு அஞ்சியிருப்பதில் துரைமாருக்கு இலாபம் இருந்தது. எனவேதான் முற்போக்காளராகிய நாம் இவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டுத் தொழிற்சங்க வரலாற்றை மட்டும் எழுதினோம். அவ்வொதுக்கலில் ஒரு பிழை இருந்தது. பெரட்டுக் களத்திலே தொழிலாளர் துரையின் கட்டளைப்படி கூடினர். தம் விருப்பப்படி கூடிய இடங்கள் கோயில் முற்றமும் காமன் பொட்டலுமே. எமது பயணம் மாசியில் அமைந்தமையால் காமன் கூத்தின் ஓரிரவைக் காணமுடிந்தது. தப்பொலி மலைக்கு மலை எதிரொலிக்க, எரியப்போகும் மதனும் அழப்போகும் ரதியும் லயன் வாசல்தோறும் சென்றனர். பகலிற் பெயர்ப்பதிவேட்டில் ஓர் இலக்கமாயிருந்த இளைஞனுக்கு அவ்விரவில் முதியோரும் கைகூப்பினர்.

சான்று என்பது இம்மக்களுக்கு ஏட்டுப் பிரச்சினையாக இருந்ததில்லை. தலவாக்கலையை அடுத்த மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். அடுத்த ஆண்டே வந்தது பிரசாவுரிமைச் சட்டம். இத்தீவிற் பிறந்தவரும், தம் தந்தையோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்தமையை நிறுவவேண்டும் என்றது அது. பிறப்புப் பத்திரம் இல்லாத பூட்டனை எவ்வாறு நிறுவுவது? பெரும்பான்மையோர் நாடற்றவராயினர், வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. பூட்டன் வைத்த கல் மரத்தடியில் அத்தனை காலமும் இருந்தது. அதனைச் சான்றாகக் கொள்ளும் அலுவலகம்தான் இருக்கவில்லை.

கணேஸ்வராசாரியின் பெயர் கல்லில் இருந்தமையால் அவரை நாம் அறிவோம். தோட்டக் கோயில்களில் மணிகளிற் பொறித்த எழுத்துகளையும், உபயகாரர் பட்டியல்களையும், கூத்து வாத்தியார்களின் கையெழுத்துப் பிரதிகளையும் தோட்டந்தோட்டமாகப் பதிவுசெய்யும் பணியைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் மேற்கொள்ளலாம். நாம் விடைபெறும்போது அம்முதியவர் பெட்டியொன்றைத் திறந்து, திருவிழாக் கணக்குக் கொப்பி ஒன்றைக் காட்டினார். பெயர்கள், அவற்றெதிரே அவரவர் கொடுத்த பணம். முதற் பக்கங்களைக் கறையான் தின்றிருந்தது.