சென்னைக் குடும்ப நல நீதிமன்றமும் காலதாமதமும்

பட்டினப்பாக்கத்துக்கு மிக அருகே, ராஜா அண்ணாமலைபுரத்தில், துர்காபாய் தேஷ்முக் பெயரில் ஒரு சாலை உள்ளது. அவர் 1937-இல் தொடங்கிய ஆந்திர மகிள சபை அச்சாலையில்தான் இயங்குகிறது. குடும்ப வழக்குகளுக்குத் தனி நீதிமன்றம் தேவை என்று இந்தியாவில் முதன்முதலாக வலியுறுத்தியவராக அவரே குறிப்பிடப்படுகிறார். 1953-இல் சீனா சென்று அங்குள்ள முறையைப் பார்த்து வந்த பின், நீதிபதிகள் சாக்ளா, கஜேந்திரகட்கர் ஆகியோரிடமும் பிரதமர் நேருவிடமும் இது குறித்துப் பேசினார். ஆனால் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் 1984-இல்தான் இயற்றப்பட்டது. தாமதத்தைக் குறைக்க வந்த சட்டமே 31 ஆண்டுகள் தாமதமாக வந்தது.

அதற்கு முன் காத்திருப்பு சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. சாந்தோம் போன்ற பகுதிகளில் வாழும் கிறித்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டம் பொருந்தியது. மாவட்ட நீதிபதி மணமுறிவு அளித்தாலும் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்ய வேண்டும். அதற்குக் குறைந்தது ஆறு மாதம் கழிய வேண்டும். இந்த நடைமுறை 2001-இல்தான் நீக்கப்பட்டது. இந்துக்களைப் பொறுத்தவரை சென்னை மாகாணம் முந்திக்கொண்டது. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்துக்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 1949-இல், இருதார மணத்தைத் தடுத்து விவாகரத்துக்கு வழி செய்யும் சட்டம் இங்கு இயற்றப்பட்டது.

1984-ஆம் ஆண்டுச் சட்டம் நீதிமன்றத்தின் இயல்பையே மாற்ற முயன்றது. முதலில் சமரசத்துக்கு முயல்வது நீதிபதியின் கடமை. வழக்கறிஞர் வைத்துக்கொள்வது உரிமை அன்று, நீதிமன்றம் அனுமதிக்கலாம். சாட்சிய விதிகளும் தளர்த்தப்பட்டன. சென்னையில் இந்நீதிமன்றம் பாரிமுனையில் உள்ள உயர் நீதிமன்ற வளாகத்தில் அமைந்தது. பின்னர் கூடுதல் நீதிமன்றங்களும் சேர்ந்தன.

காலவரம்புகளுக்குக் குறைவில்லை. விவாகரத்து வழக்கை, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது இந்து திருமணச் சட்டத்தின் 21பி பிரிவு. இடைக்கால ஜீவனாம்ச மனுவுக்கு இயன்றவரை 60 நாள். ஆனால் 'முயல வேண்டும்', 'இயன்றவரை' என்ற சொற்கள் வாய்தாக்களுக்கு இடம் விட்டுவிடுகின்றன. சம்மன் சேராமல் திரும்பும். கவுன்சிலிங்குக்கு ஒருவர் வரமாட்டார். ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்கக் கோரி மனு வரும். ஜீவனாம்சம், குழந்தைப் பாதுகாப்பு, குடும்ப வன்முறை எனக் கிளை வழக்குகள் முளைக்கும். கடலுக்குச் செல்பவருக்கும் மீன் விற்பவருக்கும் ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் வருமானம். வசதியுள்ள தரப்புக்கு அதே வாய்தா எதிராளியைக் களைப்படையச் செய்யும் கருவியாகவும் ஆகிவிடும். ஜீவனாம்சத்தை மனு தாக்கல் செய்த நாளிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. இதனால் இழுத்தடிப்பதில் கிடைக்கும் ஆதாயம் ஓரளவு குறைந்தது.

இருவரும் சம்மதித்துப் பிரிவதிலும் ஆறு மாத இடைவெளி உண்டு. அதைச் சூழலுக்கேற்பத் தளர்த்தலாம் என்ற தீர்ப்பு 2017-இல் வந்தது.

சென்னையில் வேறொரு சிக்கலும் இருந்தது. குழந்தைப் பாதுகாப்பு வழக்கைக் குடும்ப நல நீதிமன்றத்தில்தான் தொடுக்க வேண்டுமா, உயர் நீதிமன்றத்தின் அசல் அதிகார வரம்பிலும் தொடுக்கலாமா என்பதே அது. உயர் நீதிமன்றத்தின் அதிகாரம் போய்விடவில்லை என்று முழு அமர்வு முன்பே கூறியிருந்தும் ஐயம் மீண்டும் எழுந்தது. 2022-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதே நிலையை உறுதிசெய்தது. எந்தக் கதவைத் தட்டுவது என்ற கேள்விக்கே இத்தனை ஆண்டுகள்!

குழந்தைகளின் காலம் வேறு விதமாக ஓடுகிறது. ஐந்து வயது வரை குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது 1956-ஆம் ஆண்டின் சட்டம். மூன்று வயதில் தொடங்கிய வழக்கு நீண்டால் அந்த விதியே பொருந்தாமல் போகும். குழந்தையின் விருப்பத்தைக் கேட்கலாம் என்கிறது 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம். ஆனால் பல ஆண்டுகள் ஒரே பெற்றோருடன் வளர்ந்த பிள்ளை சொல்லும் விருப்பம் எவ்வளவு அதனுடையது? இந்த மனமாற்றத்தைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2017-இல் விவேக் சிங் வழக்கில் பேசியது. தவிர, தற்காலிகமாகச் செய்த ஏற்பாடு நீடித்தால், அதைக் கலைப்பது குழந்தைக்குக் கெடுதல் என்ற வாதமும் வலுப்பெறும். தாமதமே தீர்ப்பின் பாதியை எழுதிவிடுகிறது. வழக்கு முடியுமுன் பிள்ளைக்கு 18 வயது நிறைந்தால், பாதுகாப்பு மனு தீர்ப்பின்றியே முடிந்துபோகும்.