நிழலைக் குறைத்த நுட்பம்

ஓவியனின் திறம் அவன் தீட்டியவற்றில் மட்டுமன்று, தீட்டாது விட்டவற்றிலும் விளங்கும். வண்ணம் தீட்டாத கோட்டோவியத்திற்குப் ‘புனையா ஓவியம்’ என்று பெயரிட்டுப் போற்றிய மொழி தமிழ். கணிப்பொறி இவ்வுண்மையைக் கற்றுத் தேற ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆயின.

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் பயின்ற இருவர் முப்பரிமாண உருவின்மீது ஒளி படியும் பாங்கைக் கணக்கிட வழி வகுத்தனர். பிரெஞ்சு நாட்டினரான ஆன்றி கூரோ 1971இலும், வியட்நாமில் பிறந்த பூய் துவாங் ஃபாங் 1975இலும் தத்தம் முறைகளை வெளியிட்டனர். கன்னத்தின் வளைவில் ஒளி மெல்ல மங்கி நிழலாவதை இயந்திரம் காட்டக் கற்றது. ஃபாங் அவ்வாண்டே இளமையில் மறைந்தார். பின்வந்தோர் பலரும் நிழற்படத்தையொத்த தோற்றத்தையே இலக்காகக் கொண்டனர்.

மாற்றுவழி கண்டோரும் இருந்தனர். 1990இல் ஜப்பானிய ஆய்வாளர் சைட்டோவும் தகஹாஷியும், காட்சியின் ஆழம் திடுமென மாறும் இடங்களைக் கண்டு விளிம்புக்கோடு வரையச் செய்தனர். அதே ஆண்டில் பால் ஹேபர்லி தூரிகைத் தடங்களைத் திரையில் தோற்றுவித்தார். 1994இல் விங்கன்பாக்கும் சேல்சினும் பேனா மைச் சித்திரத்தைக் கணிப்பொறிக்குக் கற்பித்தனர்.

கேலிச்சித்திரப் பாணியின் நுட்பம் எளியது. ஒளியின் அளவை முன்போலவே கணக்கிட வேண்டும். குறித்த எல்லைக்கு மேற்பட்டதை ஒரே வெளிர்நிறமாகவும், கீழ்ப்பட்டதை ஒரே அடர்நிறமாகவும் ஆக்கிவிட்டால் இடைப்பட்ட சாயல்கள் அனைத்தும் மறையும். உருவின் படியொன்றைச் சற்றே பெரிதாக்கிக் கருமை பூசி, அதன் பின்புற முகங்களை மட்டும் காட்டினால் புறக்கோடு கிட்டும். முழுவதும் கணக்கிட்ட பின்னரே குறைத்தல் இயலும் என்பது இங்கு எண்ணத்தக்கது.

2000இல் சேகா நிறுவனத்தின் ‘ஜெட் செட் ரேடியோ’ விளையாட்டு இப்பாணியில் வெளிவந்தது. மறு ஆண்டு நின்டெண்டோ தன் ‘செல்டா’ வரிசையின் புதிய விளையாட்டை இவ்வாறே காட்டியபோது, மெய்போன்ற காட்சியை எதிர்பார்த்திருந்த ரசிகர் பலர் சிறுபிள்ளைத்தனம் என்று இகழ்ந்தனர். 2002இல் ஜப்பானில் வெளியான அதுவே 2013இல் மறுபதிப்புக் கண்டது. புருவத்தின் ஒரு கோடும் அகன்ற விழிகளும் அச்சிறுவனின் அச்சத்தையும் வியப்பையும் உணர்த்தப் போதுமாயின.

சொல் மிகுந்தால் பொருள் தெளியும் என்பதில்லை. அதனைக் கவிஞர் அறிவர். கணக்கர்களும் தம் வழியில் கண்டறிந்தனர்.