அரையணாவின் உரிமை

கிளை நூலகத்தைப் பற்றி நம்மவர்கள் பேசுகிற தொனி ஒன்றுதான்: அது சர்க்கார் தருமம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது. சரித்திரம் வேறு கணக்குச் சொல்கிறது.

1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக நியமனம் பெற்ற கணித ஆசிரியர் எஸ். ஆர். ரங்கநாதன், பயிற்சிக்காக லண்டன் போனார். க்ராய்டன் நகர நூலகத்தில் பெர்விக் ஸேயர்ஸின் பணியை அருகிலிருந்து பார்த்தார். பிரிட்டனில் இத்தகைய நூலகங்கள் நகரத்தாரின் வரியில் நடந்தன. அதுவும் சுலபமாக வந்துவிடவில்லை. 1850ஆம் வருஷச் சட்டம் பவுனுக்கு அரைப் பென்னி வரி விதிக்க அனுமதித்தது; அந்தப் பணத்தில் கட்டிடம் எழுப்பலாம், புத்தகம் வாங்கக்கூடாது. புத்தகம் வாங்கும் உரிமை 1855இல்தான் கிடைத்தது.

இங்கே, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாயிருந்த 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறி, 1950இல் அமுலுக்கு வந்தது. சுதந்திர இந்தியாவில் இதுவே முதல் நூலகச் சட்டம். வீட்டுவரியில் ரூபாய்க்கு அரையணா நூலக வரி. இன்று அது ரூபாய்க்கு 10 பைசா. வாடகைக்கு இருப்பவனும் வாடகையின் மூலம் இதைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறான்.

பாங்க்கில் பேரேடு எழுதுகிறவனுக்கு இன்னொன்றும் கண்ணில் படுகிறது. சென்னை நகரத்துக்குத் தனி ஆணைக்குழு, மாவட்டத்துக்கு ஒன்று. சென்னையின் வரி சென்னைக் கிளைகளுக்கே. சேர்வராயன் மலையில் கொட்டச்சேடு போன்ற ஊரில், காப்பித் தோட்டங்களுக்கிடையே சிதறிய வீடுகளின் வரியில் ஓர் அலமாரி நிரம்புமா என்பது சந்தேகம். ஆனால் மாவட்டத்தின் நிதி ஒன்றே என்பதால், சேலம் நகரத்து வீட்டுவரி மலைமேல் புத்தகமாக ஏற முடியும். இந்த ஏற்பாட்டில் தருமம் எங்கே இருக்கிறது? பங்குதான் இருக்கிறது.

சட்டம் இந்தப் பங்குதாரனிடம் விட்டுவைக்காதது தேர்வு. நெடுங்காலம், மாநிலத் தேர்வுக்குழுவின் பட்டியல்தான் கிளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. இதில் நமக்கும் பங்குண்டு. ஒரு கவிதைத் தொகுதி போட்டால் நூலக ஆர்டருக்காக ஆபீஸ் படி ஏறினோம். அதே புத்தகம் பேட்டைக் கிளையில் பிரிக்கப்பட்டதா, கட்டோடு கிடக்கிறதா என்று பார்க்க எத்தனை பேர் போனோம்?

அரைப் பென்னி ஐந்து வருஷம் கட்டிடத்தோடு நின்றது. நம் அரையணா புத்தகம் வரை வந்துவிட்டது. எந்தப் புத்தகம் என்பதில் நிற்கிறது. அடுத்த முறை கிளைக்குப் போகும்போது வேண்டிய புத்தகத்தின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வருவோம். யாசகமாக அல்ல. வரி கட்டியவன் கணக்குக் கேட்கிறான், அவ்வளவே.